முப்பதாம் புள்ளி

சூடுபெட்டியிலிருந்து எடுத்த இரண்டு வட்டத் தட்டுகளைச் சன்னல் வெயிலில் வைத்துவிட்டு நிற்கிறாள் ஆராய்ச்சிக்காரி. சோதனைக் குழாயில் நோய்ப் புரதத்தைப் பாய்ந்து பிடித்த நாற்பது எதிர்ப்பொருள்களை, அதே புரதம் உள்ள உயிருள்ள ஈஸ்ட் செல்களுக்குள் அனுப்பியிருக்கிறாள்; உள்ளேயும் பிடித்தால்தான், சத்துக் குறைந்த தட்டில் அந்தச் செல் பிழைத்து வளரும். இதற்குமுன் இருமுறை ஒன்றும் முளைக்கவில்லை. இம்முறையும் பொய்த்தால் மூன்றாண்டு வேலையை மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் தட்டில், முப்பதாம் இடத்தில், கடுகளவு வெண்புள்ளியொன்று மினுங்குகிறது. "பாருங்கக்கா! மத்ததெல்லாம் வெளியில புலி, வீட்டுல எலி" என்று சிரிக்கிறாள் உடன் பணிபுரியும் தோழி. இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் தட்டு, அதே நாற்பதையும் நோய்ப் புரதமே இல்லாத செல்களுக்குள் அனுப்பிச் சரிபார்ப்பதற்கானது. அங்கும் முப்பதாம் இடம் வளர்ந்திருந்தால், இங்கே கண்டது வெறும் ஏமாற்று. அதன் மூடியில் ஆவி படர்ந்திருக்கிறது. திறக்கக் கை எழவில்லை. "நீயே பாருடி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மூடி நகரும் மெல்லிய ஓசை கேட்கிறது. "ஒண்ணுமே இல்லக்கா. துடைச்சு வச்ச மாதிரி காலியா இருக்கு." சன்னல் கம்பியை இறுகப் பற்றியிருந்த விரல்கள் தளர்கின்றன. "இன்னொரு தடவை சொல்லு" என்கிறாள், வெயிலைப் பார்த்தபடியே.