சனிக்கிழமைக்கு அலாரம்

பிரிக்பீல்ட்ஸ் கடையில் நாச்சம்மைக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைகளை நினைவூட்டும் எலெக்ட்ரானிக் டைரி எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எழுத்து சின்னதா இருக்கு பாஸ்."

கடைக்காரன் சோலையப்பன் சிரித்தபடி வேறொன்றை எடுத்தான்.

"இதோட அலாரம் ரொம்பக் கத்துது. முதல்ல காட்டினதையே காட்டுங்க."

"காட்டுறேன் லா மிஸ். ஒரு வேலையைப் போட்டே காட்டுறேன்." பட்டன்களைத் தட்டினான். "சனிக்கிழமை நாலு மணி, கிள்ளான்ல பொண்ணு பார்க்கப் போகணும்."

"உங்களுக்கா? போட்டோ பார்த்தீங்களா?"

"இல்ல மிஸ், நேர்லதான் பார்க்கணும்."

"யோசிச்சுட்டு வரேன்" என்று வெளியேறியவள், காரில் காத்திருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை எப்படிடீ?"

"எவ்வளவு படுத்தியும் முகம் சுளிக்கலம்மா. தாராளமா நம்ம கிள்ளான் வீட்டுக்கு வரட்டும். அலாரம்கூட வச்சிட்டாரு!"