கட்டிக்கொடுத்த சேதி

“உதாவோ சாம் செர்க்கு. சரியா தம்பி?”

“சரிதான் அங்கிள்” என்றான் ஜோனதன், வேண்டாவெறுப்பாக. ஆம்பூரில் அவன் வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில், ரொம்ப நேரமாக இந்த ஒரே வாக்கியத்தைத்தான் கிருபானந்தத்துக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ‘மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டேன்’ என்று, செர்பிய மொழியில்.

அதைக் கேட்கப்போகிறவன் மிலான். கம்பெனி மெஷின்களைப் பார்த்துக்கொள்ள வந்த இடத்தில், கிருபானந்தத்தின் மகள், அங்கேயே வேலை பார்த்த அக்சாவிடம் மனதைப் பறிகொடுத்தவன். சொந்த நாட்டில் குண்டு விழுகிறதென்று போனவன், இரண்டு வருடம் கழித்து அவளைக் கைப்பிடிக்க இன்று பகல் ரயிலில் வருகிறான். அவனோடு பழகிப் பழகியே அவன் பாஷை ஜோனதனுக்கு ஒட்டிக்கொண்டது.

“அவங்க பாஷையில கல்யாணம் பண்றதுக்கு ஆம்பளைக்கு ஒரு வார்த்தை, பொம்பளைக்கு வேற வார்த்தை அங்கிள். பொம்பளை வார்த்தைக்குள்ள ‘குடுக்கிறது’ இருக்கு. அவ இஷ்டம் இன்னான்னு அங்கயும் எவனும் கேக்க மாட்டான் போல.” குத்திக்காட்டத்தான் சொன்னான்.

“நல்ல வார்த்தைதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கிருபானந்தம் மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தார்.

ஜோனதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரன் சம்பந்தமே வேண்டாமென்று அன்றைக்குக் குதித்தவர் இவர்தானே! உடம்பு முடியவில்லை என்று அக்சா மாதக்கணக்கில் லீவு போட்டு வேலூரிலேயே தங்கிவிட்டதெல்லாம் இவர் போட்ட நாடகம் என்று இப்போது விளங்கிற்று.

“இங்கிலீஷ்லயே சொல்லிட வேண்டியதுதானே?”

“அவனுக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. தப்பாப் புரிஞ்சிக்கினா பேஜாராயிடும் தம்பி.”

“சர்ச்சுல மூணு ஞாயிறு கல்யாண அறிக்கை வாசிப்பாங்களே, வாசிச்சாங்களா? எங்க காதுக்கு வரவேயில்லையே.”

“அதெல்லாம் வாசிக்கல. பாஸ்டர் வீட்டுக்கே வந்து ஜெபம் பண்ணாரு. வெள்ளைப் பட்டு கட்டி, தலை நெறைய பூ வச்சு அனுப்பிட்டோம். ஒரே நாள்ல முடிஞ்சிடுச்சு.”

அறிக்கை வாசித்தால் தடை சொல்ல யாராவது எழுந்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார் மனுஷன். பெற்ற பெண்ணுக்கே இப்படித் துரோகம் பண்ண எப்படித்தான் மனசு வந்ததோ!

“அக்சா இதுக்கு ஒத்துக்கினாளா?”

“அவதான் மிலான்கிட்ட இப்படிச் சொல்லச் சொன்னா. ‘என்னைத் திட்டித் தீத்துட்டு அவராவது நல்லா இருக்கட்டும்பா’ன்னா.”

“நான் நம்ப மாட்டேன் அங்கிள். அவ வாயாலயே கேக்கணும். எந்த ஊர்ல இருக்கா, சொல்லுங்க!”

டீக்கடைக்காரரே திரும்பிப் பார்த்தார். கிருபானந்தம் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார்.

“பாகாயம் கல்லறைத் தோட்டத்துல, தம்பி.”