காடு மேடு போகும் வண்டி

ஓட்டுநர் இருக்கையில் அப்பா, கட்டில் ஓரத்தில் பேனாவுடன் அம்மா, பின்படியில் பத்து வயது மகள். காடு மேடெல்லாம் போவதற்கென்று அப்பா தன் கையாலேயே கட்டிய சின்ன லாரி அது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. அதை வாங்க நினைப்பவர் செல்போன் டவர் எட்டாத காட்டில் பறவைக் கணக்கெடுப்பவர். அதனால் சந்தேகங்களைக் கடிதத்தில் எழுதி ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார்.

“எடை எவ்வளவுன்னு கேக்குறார்.”

“ரொம்ப லேசுன்னு எழுது.”

“எடையைக் குறைக்கக் கரண்டிக் காம்பைக்கூட அறுத்த மனுஷன்னு சேர்த்துக்கறேன். அடுத்தது, மழைக்கு ஒழுகுமா?”

“ஒழுகும்னு எழுது.”

“நேத்துக் கொட்டின மழைக்கு ஒரு சொட்டு விழுந்துச்சா? விக்க மனசில்லைன்னா நேராச் சொல்லுங்க.”

“வெள்ளிக்கிழமையோட பள்ளிக்கூடத்துல சேர்க்குறது முடியுதுப்பா,” என்றாள் மகள்.

“ஒழுகாது,” என்றார் அப்பா.

அம்மா கடிதத்தை முடித்து உறையை எடுத்தாள். அனுப்புநர் என்ற இடத்தில் பேனா நின்றது. பள்ளி விண்ணப்பமும் முகவரி இடம் காலியாக இருந்ததால்தான் திரும்பி வந்திருந்தது. மகள் பிறந்ததிலிருந்து இந்த லாரிதான் அவர்களுக்கு வீடு.

“இப்படிக் கொடு.” பேனாவை வாங்கி, ஒரு கதவு எண்ணையும் தெருப் பெயரையும் எழுதினார் அப்பா.

“இது யார் வீடு?” என்றாள் அம்மா.

“நம்மதுதான். காலையில போல்ட் வாங்கப் போனேனே, அப்பவே வாடகைக்குப் பேசிட்டேன். வண்டி வித்ததும் அட்வான்ஸ் தரணும்.”

“அப்போ போல்ட்?”

“இனிமே எதுக்கு?”

மகள் முகவரியை இரண்டு முறை படித்தாள். பிறகு உறையை ஒட்டி, தபால் பெட்டியில் போட ஓடினாள்.