பாஸ்டரின் பசி

கடைசி பஸ் போய்விட்டது. ஊழியத்துக்காக முதன்முறை அந்தக் கிராமத்துக்கு வந்திருந்த பாஸ்டர் சஞ்சீவ, அவ்வூர்க்காரர் திலகசிறியின் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. தினமும் புத்தர் படத்துக்கு விளக்கேற்றும் வீடு. ஆனாலும் நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்து உட்காரவைத்தார்கள்.

இருட்டியதும் கருவாடு பொரிக்கும் வாசனை வந்தது. சஞ்சீவவின் வயிறு இரைந்தது. திலகசிறியின் மனைவி குசுமா, பால் சேர்க்காத பிளேன்டீயையும் ஒரு துண்டு கருப்பட்டியையும் இரண்டு கைகளாலும் நீட்டினாள். பிறகு குடும்பமே உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டது.

மதம் மாற்ற வந்தவனுக்குச் சோறு எதற்கு என்று நினைக்கிறார்கள் போலும். இனி இந்த ஊருக்கே வரக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு படுத்தார்.

விடிந்ததும் குசுமா துண்டுகளாக வெட்டிய பாற்சோறு வைத்தாள். அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"ராத்திரி பசிச்சுதா பாஸ்டர்?"

"பசிக்காம? நீங்கதான் ஒண்ணும் தரலையே அக்கா."

"ஐயோ! சாமியாருங்க மத்தியானத்துக்கு மேல சாப்பிட மாட்டாங்களே! எங்க விகாரை பிக்குமாருக்கு அதானே வழக்கம். உங்க கண்ணு முன்னால சாப்பிட்டா பாவம்னு கதவைக்கூடச் சாத்தினோம்!"

"ஒரு வார்த்தை கேளுன்னு சொன்னேன். இவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே!" என்றார் திலகசிறி.

"மன்னிச்சுக்குங்க பாஸ்டர்" என்றாள் குசுமா.

"மன்னிப்பா? என் மனைவி தவறிப்போனதிலிருந்து எனக்குப் பசிச்சதே இல்லக்கா. நேத்து உங்க வீட்டுலதான் பசிச்சுது. அடுத்த மாசமும் வருவேன். இப்ப இன்னொரு துண்டு வைங்க."