கையால் உடைத்த எட்டு

"இந்த எட்டையும் கையால உடைச்சிட்டேன் மிஸ்" என்று தட்டை என் மேசைமேல் வைத்தார் ஜமாலியா அக்கா.

நோன்பு துறக்கும் நேரத்து மஃரிப் பாங்கு ஒலித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. எல்லோரும் கேன்டீனில் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இவர் மட்டும் ஒரு மிடறு தண்ணீரோடு நோன்பை முடித்துவிட்டு, தரம் பார்க்கும் என் அறைக்கு வந்திருக்கிறார்.

தட்டில் எட்டு சின்ன சர்க்யூட் போர்டுகள். எட்டும் ஒரே பேனலாக ஒட்டிக்கொண்டு வரும். இடையில் கீறிவிட்ட கோடுகளில் மெஷினின் வட்டக் கத்தியை ஓட்டித்தான் பிரிக்க வேண்டும். கையால் மடக்கினால் ஓரத்தில் இருக்கும் கடுகளவு கெப்பாசிட்டர் உள்ளே விரிசல் விடும்.

விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சோதனையில் போர்டு நன்றாகவே ஓடும். மூன்று மாதம் கழித்து, ஈரம் இறங்கிய ஒரு நாளில், சத்தமில்லாமல் செத்துப்போகும்.

இவை பச்சைக் குழந்தைகளின் மெத்தைக்கு அடியில் வைக்கும் கருவிக்கானவை. குழந்தையின் மூச்சு நின்றால் அலற வேண்டிய கருவி.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"மெஷின்ல வரிசை நின்னுச்சு. நோன்பு துறக்க நேரமாச்சு. கடைசிப் பேனல்தானேன்னு மேசை விளிம்புல வச்சு மடக்கிட்டேன். டக்குன்னு சத்தம் கேட்டப்பறந்தான் புத்தி வந்துச்சு."

"விடியக்காலையிலேருந்து பொறுத்தவங்களுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியலையா?"

அவர் தலை குனிந்தார்.

"ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கீங்க."

"தெரியும் மிஸ். மூணாவது வந்தா வீட்டுக்குப் போயி பூனைக்குட்டியோட பேசிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சொல்லாம இருந்தா கஞ்சி தொண்டையில இறங்காது."

அவர் நின்றுகொண்டேதான் பேசினார். உண்மை சொல்ல வருகிறவர்களுக்கு நாம் ஒரு நாற்காலிகூட எடுத்துப் போடுவதில்லை. அன்று நானும் போடவில்லை.

எட்டையும் சிவப்பு மையில் ஊற வைத்தேன். கூடவே, மெஷினில் வெட்டிய போர்டு மூன்றை பெட்டியில் போகாமல் மீதமிருந்த தட்டிலிருந்து எடுத்துப் போட்டேன். ஒழுங்காக வெட்டிய போர்டு எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்டத்தான்.

விரிசல் இருந்தால் மை உள்ளே புகுந்துவிடும். கெப்பாசிட்டரைக் கழற்றி, குறடால் உடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

காத்திருந்தோம். அவர் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. நானும் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். யாருக்காக என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் கெப்பாசிட்டரை உடைத்தேன். சுத்தம்.

இரண்டாவதும் சுத்தம்.

அடுத்தடுத்தவையும் சுத்தம். எட்டாவதில் அவர் சுவரோரம் சாய்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இது உங்க அதிர்ஷ்டம், அவ்வளவுதான். மெஷின்ல வெட்டினதை இப்பப் பாருங்க."

உடைத்தேன்.

உள்ளே தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடு.

குறடு வழுக்கியிருக்கும் என்று அடுத்ததை உடைத்தேன். சிவப்பு. மூன்றாவதிலும் சிவப்பு.

கத்தி இருக்க வேண்டிய உயரத்திலிருந்து இறங்கியிருக்கிறது. வெட்டுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு போர்டையும் அழுத்தி வளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஷிஃப்டில் வெட்டிய அறுநூறும் பெட்டிக்குள். எட்டரைக்கு லோரி விமான நிலையத்துக்குக் கிளம்புகிறது.

இவர் பேசாமல் கஞ்சி குடிக்கப் போயிருந்தால், நான் இந்தக் குறடை எடுத்திருக்கவே மாட்டேன்.

"கத்தியை யாரு மிஸ் அளந்தது?" என்றார் அவர் மெல்ல.

சுவரில் தொங்கிய, கத்தி அளவு எழுதும் தாளை எடுத்து வந்து மேசையில் விரித்தேன். அவரும் குனிந்தார்.

மணி மூன்று. கத்தியின் உயரம் சரி. அதற்குப் பக்கத்தில் கையெழுத்து.

அன்று மதியம் எனக்குக் கூட்டம் இருந்தது. மெஷின் பக்கமே போகவில்லை. முந்தின நாள் எண்ணைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தேன்.

கையெழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்தேன். அதற்குள் அவர் படித்துவிட்டார்.

என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்ட எந்தக் கேள்வியையும் அவர் திருப்பிக் கேட்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"எட்டு இருபதுதான் ஆகுது. லோரி இன்னும் கிளம்பல. ஓடுங்க மிஸ், நான் காவலாளிக்கு போன் போட்டு கேட்டைச் சாத்தச் சொல்றேன்."

ஓடினேன்.

கேட் சாத்தியிருந்தது. லோரி உள்ளேதான் உறுமிக்கொண்டு நின்றது. அறுநூறும் அதற்குள் இருந்தன. ஒன்றுகூட வெளியே போகவில்லை.

"யாரோட தப்புக்கு என் வண்டியை நிறுத்துறீங்க?" என்று ஓட்டுநர் பூன் ஹுவாட் தலையை நீட்டிக் கத்தினார்.

"என்னோடதுண்ணே" என்றேன்.

சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை.