விற்காதவர்கள்

கீதாக்கா போனில் கூப்பிட்டபோது கௌதமன் ஆபீஸ் மாடிப்படியில் நின்று பங்கு விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சரவணம்பட்டியின் அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் அன்று அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மென்பொருள் கம்பெனிகளின் பங்குகள் ஒரு வாரமாக விழுந்துகொண்டிருந்தன. இனி எல்லா வேலையையும் ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று அமெரிக்காவில் யாரோ சொன்னதாகச் செய்தி.

அக்கா கோபியில் தனியாக இருக்கிறாள். கணவர் இறந்த பிறகு வாழைத் தோட்டத்தைப் பார்க்க ஆளில்லாமல் விற்றுவிட்டாள். அந்தப் பணத்தை பாங்கில் போடப் போனவளைத் தடுத்து, இந்தப் பங்குகளை வாங்க வைத்தவன் கௌதமன்தான்.

அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. தம்பியும் அதே பங்குகளைத்தான் வாங்கியிருக்கிறான் என்பது மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது.

"ஏன் கண்ணு, டிவியில என்னென்னமோ சொல்றாங்க. வித்துப்போடட்டுமா?"

கௌதமன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"வேண்டாங்கக்கா. பயந்து விக்கறவங்கதான் ஏமாந்து போவாங்க. வெச்சிருங்க, ஏறிரும்."

"நீ வெச்சிருக்கறயா?"

"வெச்சிருக்கறேனுங்க."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"அப்பச் சரி, நானும் வெச்சுக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "நீ மனசு உட்டுப்போடாத சாமி. போனா ரெண்டு பேருக்கும் சேர்ந்துதானே போகுது. நேரத்துக்குச் சாப்பிடு."

வைத்துவிட்டாள்.

அவன் மறுபடி திரையைப் பார்த்தான். சிவப்பு எண்கள் ஒன்றிரண்டாகப் பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தன.

மேல்படியில் நின்றிருந்தவர் யாரிடமோ, "திரும்பிருச்சுங்க" என்றார். சில நாட்களாகச் சிரிக்காத மனிதர் அவர். இப்போது சிரித்தார்.

கௌதமனால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

நேற்று மதியம், சந்தை முடியும் நேரத்தில், அவன் தன்னிடமிருந்த பங்குகள் எல்லாவற்றையும் விற்றிருந்தான். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. தூக்கமில்லாத இரவுகளை இனியும் தாங்க முடியாது என்று தோன்றிய ஒரு கணத்தில் விரல் தானாகவே அழுத்திவிட்டது.

விற்றவுடன் அக்காவைத்தான் கூப்பிடப் போனான். அவள் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவளையும் விற்கச் சொல்லி, மறுநாளே ஏறிவிட்டால்? பயந்து விற்கிறவன் முட்டாள் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் எந்த முகத்தோடு அதைச் சொல்வது? காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டான்.

காலையில் விலை இன்னும் கீழே போயிருந்தது. அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

இப்போது ஏறுகிறது. இப்படியே ஏறினால், குறைந்த விலைக்கு விற்றுவிட்டு வெளியே நிற்கிறவன் அவன் ஒருவன்தான்.

கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். எண்கள் தயங்கின. ஒன்று சிவந்தது. பின்னாலேயே இன்னொன்று. மேல்படிக்காரர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

விலை காலையில் இருந்ததற்கும் கீழே போனது.

அப்போதுதான் கௌதமனுக்கு மூச்சு வந்தது. தோள்கள் தளர்ந்தன. நேற்றிலிருந்து இல்லாத பசிகூட எடுத்தது.

இறங்குவது அக்காவின் தோட்டம் என்று அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.