நான்கு பைகள்

"வேற சீட்டு ஏதாச்சும் இருக்காம்மா?"

டாக்டரம்மா கேட்டதும் பவுனம்மா கால்களை ஒடுக்கிக்கொண்டாள்.

மஞ்சள் பை மேசைமேல் இருந்தது. மற்ற மூன்றும் மேசைக்கு அடியில், அவள் கால்களுக்கு நடுவில். பச்சை, சிவப்பு, நீலம்.

மஞ்சள் பை காய்ச்சல் சீட்டுக்கு. பச்சை முட்டிக்கு. சிவப்பு நெஞ்சுக்கு. நீலம் ஈரலுக்கு.

பவுனம்மாளுக்கு எழுத்து தெரியாது. நிறம் தெரியும். எந்தப் பிரிவுக்குப் போனாலும், கேட்ட மாத்திரத்தில் அந்தப் பையை நீட்டிவிடுவாள். நர்சுகளே மெச்சுவார்கள்.

எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே அறை. இதே டாக்டரம்மா. அப்போது எல்லாச் சீட்டும் ஒரே பையில்தான் இருந்தது. வெளியே வரிசை மாடிப்படிவரை நின்றது. டாக்டரம்மா காலையிலிருந்து ஒரு வாய் டீகூடக் குடித்திருக்கமாட்டார். பையைப் பிரித்துப் பார்த்ததும் எரிந்து விழுந்தார்.

"முட்டிக்கு எலும்பு டாக்டரைப் பாரு. இங்க காய்ச்சல் சீட்டை மட்டும் கொண்டா. குப்பையாட்டம் எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டாத."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மானம் போய்விட்டது. மறுநாளே மருந்துக்கடைக்காரரைக் கெஞ்சி, சீட்டுகளை வியாதிக்கு ஒரு நிறப் பை என்று பிரித்து வாங்கினாள். அதற்குப் பிறகு ஒரு பைச் சீட்டு இன்னொரு பைக்குள் தவறிப்போய்க்கூட விழுந்ததில்லை.

"ஏம்மா, உங்களைத்தான்."

பக்கத்து ஸ்டூலில் அவள் புருஷன் வைரக்கண்ணு. முழங்காலளவு சேற்றில் நின்று நாள் முழுக்க உழவு ஓட்டிய மனுஷன். இப்போது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் நாலு பிரிவு, நாலு வைத்தியம். ஒன்று அடங்கினால் இன்னொன்று கிளம்பியது. யாரைக் குற்றம் சொல்ல?

டாக்டரம்மா கையில் இருந்த காகிதத்தை மறுபடி பார்த்தார். போன வாரம் எடுத்த ரத்தத்தின் பரிசோதனை முடிவு.

"ஒரு கிருமி வளந்திருக்கு. நான் இத்தனை வருஷத்துல ரெண்டு பேருக்குத்தான் பாத்திருக்கேன். சேத்துல, தண்ணியில இருக்கிறது. உடம்புக்குள்ள போச்சுன்னா ஒரு இடத்துல உக்காராது. எங்க எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியணும். தெரியாம மருந்தைக் குடுத்துப் பாதியில நிறுத்தினா திரும்ப வரும். அடுத்த தடவை இவரு தாங்க மாட்டாரு."

தாங்க மாட்டாரு.

பவுனம்மா குனிந்தாள்.

முதலில் பச்சை. மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திட்டு விழவில்லை.

"இன்னும் இருக்கா?"

சிவப்பு.

"இன்னும்?"

நீலம்.

டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். பிரஷர் பார்க்கும் கருவியைத் தள்ளி வைத்தார். நாலு பையையும் கொட்டித் தேதி பார்த்துப் பரப்பினார். கார்த்திகையில் முட்டி வீங்கியது. தையில் நெஞ்சுச் சளி. சளியில் ஒரு தடவைகூட டி.பி. கிருமி தென்படவில்லை, ஆனாலும் ஆறு மாசம் டி.பி. மாத்திரை. அடுத்த மழைக்கு ஈரலில் கட்டி.

விரல் சீட்டு சீட்டாக நகர்ந்தது. கடைசிச் சீட்டில் நின்றது.

"எல்லாம் ஒண்ணுதான்," என்றார், தனக்குத்தானே. "நாலு வியாதி இல்ல. ஒண்ணே ஒண்ணுதான்."

வைரக்கண்ணு தலையைத் தூக்கினார்.

"மருந்து இருக்குய்யா. முதல்ல இங்கயே படுத்து ஊசி போட்டுக்கணும். அப்புறம் மாசக்கணக்குல மாத்திரை. ஒரு வேளை விடக்கூடாது. எழுப்பி நடக்க விட்டுடலாம்."

பவுனம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு நாளும் அழ நேரமில்லை.

டாக்டரம்மா சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, காலியான நாலு பைகளைப் பார்த்தார்.

"அப்பவே இதை எல்லாம் ஒருத்தர் சேத்து வச்சுப் பாத்திருந்தா..." பவுனம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா இப்படிப் பிரிச்சு வைக்கச் சொன்னது?"

வைரக்கண்ணு வாயைத் திறந்தார்.

மேசைக்கு அடியில் பவுனம்மா அவர் காலை அழுத்தினாள்.

கேட்டவரின் கண் கலங்கியிருந்தது. மேசை ஓரத்தில் டீ, ஆடை படிந்து அப்படியே இருந்தது. வெளியே வரிசை இன்றும் மாடிப்படிவரை.

"யாரும் சொல்லலைங்கம்மா. படிக்காதவ. எனக்கா தோணுச்சு."

டாக்டரம்மா நீளமாக மூச்சு விட்டார். சீட்டுகளைத் தன் கையாலேயே அடுக்கினார். மஞ்சள் பைக்குள் எல்லாவற்றையும் வைத்து அவளிடம் நீட்டினார்.

"இனிமே எங்க போனாலும் எல்லாத்தையும் ஒண்ணாவே கொண்டு போகணும். யாரு திட்டினாலும் சரி."

"சரிங்கம்மா."

இந்த அறையில் இதற்கு முன் வேறொன்றைக் கேட்டிராதவளைப் போலப் பவுனம்மா தலையாட்டினாள்.